ஆட்டுக்குட்டிக்குச் சரி... நம்ம பாப்பாவுக்கு?

'பிறந்ததும் குழந்தை அழலை. மூளைக்கு ஆக்ஸிஜன் சரியா போகலை' - பிரசவ அறை வாசலில் இதைக் கேட்ட குடும்பம் அடுத்து என்ன செய்யும்? 'உடம்பைக் குளிர வெச்சா மூளை தப்பிக்குமாமே, அந்த மெஷின் எங்கே இருக்கு?' என்று ஊரெல்லாம் போன் போடும்.

அந்தச் சிகிச்சை பிறந்ததே விலங்குகளிடம்தான். 1981-ல் அமெரிக்காவில் ரைஸ், வன்னூச்சி ஆகியோர், ஏழு நாள் எலிக்குட்டியின் கழுத்து ரத்தக்குழாய் ஒன்றைக் கட்டி, 8 சதவிகித ஆக்ஸிஜனில் வைத்து மூளைப் பாதிப்பை ஆராய்ந்தார்கள். (பாவம்தான், இல்லேங்கலை!) பிறகு லண்டனில் பன்றிக்குட்டி, நியூஸிலாந்தில் தாயின் வயிற்றிலேயே இருந்த ஆட்டுக்குட்டி. மூளை செல்கள் எல்லாமே உடனே சாவதில்லை, பல செல்கள் சில மணி நேரம் கழித்துத்தான் சாகின்றன என்பது அப்போது புரிந்தது. அந்த இடைவெளியில் குளிர வைத்தால் பிழைக்கின்றன. ஆட்டுக்குட்டிக்கு ஐந்தரை மணி நேரம் கழித்துக் குளிரூட்டியதில் பலன் குறைந்தது. எட்டரை மணி நேரம் ஆனபோது பலனே இல்லை. டாக்டர்கள் '6 மணி நேரத்துக்குள்' என்று பறப்பது இதனால்தான். 33.5 டிகிரி செல்சியஸில் 72 மணி நேரம் - பணக்கார நாடுகளில் நல்ல பலன் கிடைத்தது.

சென்னை உட்பட இந்தியா, இலங்கை, வங்கதேசத்தில் 408 குழந்தைகளிடம் சோதித்த 'ஹீலிக்ஸ்' ஆய்வின் முடிவு 2021-ல் வந்தது. குளிரூட்டிய குழந்தைகளில் 42 சதவிகிதம் இறந்தன. குளிரூட்டாதவர்களில் 31 சதவிகிதம்!

அப்படீன்னா ஆட்டுக்குட்டி பொய் சொல்லிச்சா? இல்லை. அது ஆரோக்கியமான குட்டி. ரத்த ஓட்டம் நின்ற நிமிஷம்கூட ஆராய்ச்சியாளருக்குத் தெரியும். நம் குழந்தைகளில் பலருக்குப் பாதிப்பு பிரசவ வலியின்போதே விட்டுவிட்டு, மெல்ல நடந்திருக்கலாம்; கூடவே கிருமித்தொற்றும் இருக்கலாம் என்று நிபுணர்கள் சந்தேகிக்கிறார்கள். சிலவகை பாக்டீரியா நச்சை முன்கூட்டியே ஏற்றிய எலிக்குட்டிகளுக்குக் குளிரூட்டல் கைகொடுக்கவில்லை. இதைக் கவனித்திருக்க வேண்டாமா? நம்மூர்த் தாய்மார்களின் நிலைமைக்குப் பொருந்தும் சோதனைகளை முதலில் செய்திருக்க வேண்டும் என்பதே என் கட்சி. பொருந்தாத சோதனைக்கு ஒரு எலியைக் கொல்வதும் வீண்தான்.

டாக்டர்களிடையே விவாதம் இன்னும் ஓயவில்லை. அதுவரை, 'ஏன் குளிர வைக்கலை?' என்று டாக்டரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். ஜுரம் ஏறாமல், சர்க்கரை இறங்காமல், வலிப்பு வந்தால் உடனே அடக்கிப் பார்த்துக்கொள்வதே பெரிய சிகிச்சை. முக்கியமாக, வேறு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போகும் வழியில் ஈரத்துணி, ஐஸ் என்று நீங்களாக எதையும் வைத்துவிடாதீர்கள்.