எழுத முடியவில்லை என்றால் சொல்லிவிட வேண்டும்

காரைக்குடி அடகுக்கடைகளுக்கும் ஆத்தங்குடி டைல்ஸ் பட்டறைகளுக்கும் கணக்கு மென்பொருள் எழுதித் தருவது என் தொழில். கடைக்காரர் வட்டியை வரவு வைக்கிறார். திரையில் ‘சேமிக்கப்பட்டது’ என்று வந்ததும், அதை நம்பி ரசீது கொடுக்கிறார். ஆனால் அந்த வரவு அப்போது கணினியின் நினைவகத்தில் மட்டுமே இருக்கலாம். கணினியை இயக்கும் லினக்ஸ் அதை ஹார்டு டிஸ்க்கில் எழுத அரை நிமிடம்கூட ஆகும். ‘இப்போதே எழுது, எழுதிவிட்டுச் சொல்’ என்று கேட்கும் கட்டளைக்கு எஃப்சிங்க் என்று பெயர்.

டிஸ்க் பழுதாவது இயல்பு. பழுதை மறைப்பதுதான் தவறு. லினக்ஸில் பல ஆண்டுகள் அந்தத் தவறு இருந்தது. எழுதுவதில் பிழை நேர்ந்தால் அந்தக் கோப்பில் ஒரு அடையாளம் வைக்கப்படும். முதலில் எஃப்சிங்க் கேட்ட நிரலிடம் பிழையைச் சொன்னதும் அந்த அடையாளம் அழிக்கப்படும். அதே கோப்பைத் திறந்து வைத்திருக்கும் அடுத்த நிரல் கேட்டால், ‘எல்லாம் சரி’ என்ற பதிலே வரும்.

2017-ல் வந்த லினக்ஸ் 4.13-இல், லினக்ஸை எழுதுவோரில் ஒருவரான ஜெஃப் லேட்டன் இதைச் சீராக்கினார். பிழையின் வகை, அதை யாரேனும் பார்த்தார்களா என்ற குறி, வரிசை எண் மூன்றும் ஒரே 32 பிட் எண்ணில் அடங்கின. கோப்பைத் திறக்கும்போது அந்த எண் குறித்துக்கொள்ளப்படும். பின்னர் அது மாறியிருந்தால், திறந்து வைத்திருக்கும் ஒவ்வொருவருக்கும் தனித்தனியே பிழை தெரிவிக்கப்படும்.

ஆனாலும் ஒரு ஆபத்து மிஞ்சியது. எழுத முடியாமல் போன நினைவகப் பக்கத்தையும் பல கோப்பு முறைமைகள் ‘எழுதியாயிற்று’ என்றே குறித்துவிடும். அதனால் இரண்டாம் முறை எஃப்சிங்க் கேட்டால் வெற்றி என்று வரும். தரவோ டிஸ்க்கில் இருக்காது. 2018-ல் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தை உருவாக்குவோர் இதைக் கண்டு திடுக்கிட்டனர். பிழை வந்ததும் நின்று, முன்பே எழுதி வைத்த பதிவிலிருந்து மீளும்படி 2019 பிப்ரவரியில் போஸ்ட்கிரெஸை மாற்றினர்.

1937-ல் இந்தியன் ஓவர்சீஸ் வங்கி சென்னை, ரங்கூனோடு ஒரே நாளில் கிளை திறந்த ஊர் எங்கள் காரைக்குடி. கணக்கில் நாணயம் இங்கே பழைய வழக்கம். பேரேட்டில் ஒரு வரி விடுபட்டால் ஐந்தொகை இடிக்கும். கணக்கப்பிள்ளை அதைக் கண்டுபிடிக்காமல் எழமாட்டார். மென்பொருளிடமும் அந்த நாணயத்தை எதிர்பார்க்க நமக்கு உரிமை உண்டு.

மென்பொருள் எழுதும் இளைஞர்களே, எஃப்சிங்க் தரும் பதிலைப் பாருங்கள். பிழை என்றால் வேலையை நிறுத்திக் கடைக்காரரிடம் சொல்லுங்கள். கல்லூரி ஆய்வகங்கள் டிஸ்க் பிழையை வேண்டுமென்றே உண்டாக்கிச் சோதிக்கக் கற்றுத்தர வேண்டும். அதற்கான டிஎம்-ஃப்ளேக்கி என்ற கருவி லினக்ஸிலேயே இருக்கிறது. மென்பொருள் வாங்குவோரும் கேளுங்கள்: ‘டிஸ்க் எழுத மறுத்தால் இது என்ன சொல்லும்?’ பதில் சொல்லத் தெரியாதவரிடம் வாங்காதீர்கள்.