நாடி சொல்வதை எவ்வளவு நம்பலாம்?

பொகவந்தலாவையில் வயிற்றெரிவு இல்லாத வீடு குறைவு. வெறும் பிளேன்டீயோடு மலையேறுகிறவர்களுக்கும், கடை பூட்டிய பிறகே சாப்பிட உட்காரும் எங்கள் வாப்பாமாருக்கும் அது பழகிய விருந்தாளி. நாடி பிடித்துக் காரணம் சொல்லும் ஹக்கீமை என் உம்மும்மா முழுமையாக நம்புவார். யூனானியில் நாடி, சிறுநீர், மலம் பார்ப்பார்கள். சித்த வைத்தியத்தில் நாக்கும் சேர்ந்து எட்டுத் தேர்வுகள். சீன வைத்தியர் நாடியோடு நாக்கின் நிறத்தையும் அதில் படிந்த வெண்மையையும் பார்ப்பார்.

பழிப்பதற்காக இதை நான் எழுதவில்லை. ஒன்றே ஒன்று கேட்கிறேன்: ஒரே நோயாளியின் கையை ஒரே காலையில் இரண்டு வைத்தியர்கள் தனித்தனியே பிடித்தால், இருவரும் ஒன்றையே சொல்வார்களா? சீன வைத்தியத்தில் இப்படிச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். பல வேளை வைத்தியர்கள் ஒத்துப்போகவில்லை. தேநீர் குடித்த நாக்கு நிறம் மாறும். ஏற்றம் ஏறி வந்தவளின் நாடி துள்ளத்தானே செய்யும்?

கருவியும் எல்லாம் அறிந்ததல்ல. அஜீரணக்காரர் பலரின் இரைப்பையில் எண்டொஸ்கொபி ஒன்றையும் காட்டாது. குடற்புண்ணுக்குக் கவலையும் காரமுமே காரணமென்று ஆங்கில வைத்தியமும் நெடுநாள் சொல்லிவந்தது. கிருமியைக் கண்டு காட்டிய மார்ஷலுக்கும் வாரனுக்கும் 2005இல் நோபல் பரிசு கிடைத்தது. அந்தக் கிருமி நாடியில் தெரியாது. மூச்சுப் பரிசோதனையில் தெரியும்.

உம்மும்மா ஹக்கீமிடம் போகட்டும். ஆனால் கறுத்த மலம், காரணமில்லாத மெலிவு, விழுங்கும்போது அடைப்பு, நெஞ்சு இறுக்கம் இவற்றில் ஒன்று இருந்தாலும், “கேஸ்தான்” என்று யார் சொன்னாலும், முதலில் ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும்.