கார்ட் தொலைந்தாலும் ஊசியை விடாதீர்கள்



யுத்தம், சுனாமி, வெள்ளம் எல்லாம் கண்ட நமது திருக்கோவில் கரையில் பிள்ளையின் கிளினிக் கார்ட் தொலைவது புதினமல்ல. அதற்காக ஏச்சு விழுமென்று பயந்து கிளினிக்குக்குப் போகாமல் இருந்துவிடாதீர்கள். கார்டைத் திரும்ப எழுதலாம். ஊசி தவறினால் பிள்ளைக்குத்தான் ஆபத்து.

தவணைகள் இவை: பிறந்ததும் ஆஸ்பத்திரியிலேயே காசநோய்க்கான பி.சி.ஜி. ஊசி. 2, 4, 6 மாதங்களில் தொண்டைக்கரப்பான், குக்கல், ஏற்புவலி முதலியவற்றைத் தடுக்கும் ஊசியும் போலியோ சொட்டும். 9 மாதத்தில் சின்னமுத்து, கூகைக்கட்டு, ருபெல்லா மூன்றுக்கும் ஒரே ஊசி. ஒரு வயதில் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் ஊசி. 18 மாதத்தில் முக்கூட்டு ஊசியும் சொட்டும். 3 வயதில் சின்னமுத்து ஊசி இரண்டாம் முறை. 5 வயதில் மீண்டும் ஊசியும் சொட்டும். எல்லாம் அரசாங்க கிளினிக்கில் இலவசம்.

ஒரு தவணை பிந்தினால் முதலிலிருந்து தொடங்கத் தேவையில்லை. விட்ட இடத்திலிருந்து போடுவார்கள். இலேசான தடிமனுக்காகத் தள்ளிப்போடவும் வேண்டாம். ஊசி போட்டபின் சிறிது நேரம் கிளினிக்கிலேயே இருங்கள்.

1990களில் போலியோ சொட்டுக் கொடுப்பதற்காகவே இரு தரப்பும் சண்டையை நிறுத்திய நாட்கள் உண்டு. 1993இன் பின் இலங்கையில் போலியோ இல்லை. ஆனால் 2019இல் ஒழிந்ததாக அறிவிக்கப்பட்ட சின்னமுத்து 2023இல் திரும்பி வந்தது. ஊசி பெறாதவர்களையே அது அதிகம் பிடித்தது.

வெளிநாடு போகும் தாய்மாரே, கார்டை அம்மம்மாவின் கையில் கொடுத்து, அடுத்த தவணையையும் சொல்லிவிட்டுப் போங்கள். கார்ட் இல்லாதவர்கள் இந்த வாரமே உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரைச் சந்தியுங்கள்.