பெட்டியில் அடைத்த பகலுணவு

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் பள்ளிப் பிள்ளைகளின் பகலுணவைக் குறித்து எழுந்த ஒரு விவாதம், பொதுஜனப் பணத்தால் குழந்தைகளுக்கு உணவளிக்கும் எந்தச் சர்க்காரும் ஆழ்ந்து யோசிக்கத்தக்கதாகும்.

1946-ம் வருஷத்தில் தேசியப் பள்ளிப் பகலுணவுச் சட்டத்தை நிறைவேற்றிய அந்நாட்டுக் காங்கிரஸ், குழந்தைகளின் ஆரோக்கியத்தைக் காப்பது தேசப் பாதுகாப்பைச் சேர்ந்த காரியம் என்று அச்சட்டத்திலேயே பிரகடனம் செய்தது. அச்சட்டத்தின்கீழ் நடைபெறும் பந்தியில், 2023-ம் வருஷத்தில் கிராஃப்ட் ஹெய்ன்ஸ் கம்பெனியாரின் ‘லஞ்சபிள்ஸ்’ பெட்டிகள் இரண்டு வகை இடம் பெற்றன. பிஸ்கோத்து, பாலாடைக் கட்டி, பதனிட்ட மாமிசம் முதலியவற்றை அறை அறையாக அடைத்து, 1988 முதல் கடைகளில் விற்கப்பட்டு வரும் சரக்கு இது.

பள்ளி விதிகள் கேட்ட அளவுக்குப் புரதமும் தானியமும் சேரும்படி கம்பெனியார் அதைத் திருத்தி அமைத்தனர். விதி திருப்தியடைந்தது, உப்போ ஏறியது. கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் என்னும் நுகர்வோர் ஸ்தாபனம் 2024 ஏப்ரலில் வெளியிட்ட அறிக்கையின்படி, வான்கோழி மாமிசப் பெட்டியின் கடைச் சரக்கில் சோடியம் 740 மில்லிகிராம்; பள்ளிச் சரக்கில் 930. எட்டு வயதுக் குழந்தைக்கு நாள் முழுவதற்கும் 1,500-க்கு மேற்படலாகாது என்பது அந்நாட்டு நிபுணர்களின் அபிப்பிராயம்.

கடைகளில் விற்கும் 12 வகைப் பெட்டிகளைச் சோதித்ததில் ஈயமும் காட்மியமும் காணப்பட்டன. ஒன்று நீங்கலாக மற்றவை அனைத்திலும் பிளாஸ்டிக்கை மிருதுவாக்கப் பயன்படும் தாலேட் என்னும் ரசாயனங்கள் இருந்தன. எதுவும் மத்திய சர்க்காரின் வரம்பை மீறவில்லை என்பதை நியாயமாகச் சொல்லத்தான் வேண்டும். இவ்வுலோகங்கள் இயற்கையில் உள்ளவையே என்பது கம்பெனியாரின் சமாதானம். ஆனால், குழந்தையின் உடலில் ஈயம் இவ்வளவு சேர்ந்தால் தீங்கில்லை என்று எந்த அளவையும் வைத்தியர்கள் வகுத்துக் கொடுக்கவில்லையே!

பழமும் காய்கறியும் பாலும் கூடினால்தான் அது முழு உணவாகும் என்றும், சோடியத்துக்கு உச்ச அளவு உண்டென்றும் விவசாய இலாகா அதிகாரிகள் பதில் கூறலாம். உண்மையே. கீழ் வகுப்புகளுக்கு ஒரு வேளைப் பகலுணவில் 1,110 மில்லிகிராம் என்பது 2023 ஜூலையில் அமலுக்கு வந்த வரம்பு. ஆயினும், அது வாரத்தின் சராசரிக் கணக்கு. குழந்தையோ சராசரியை உண்பதில்லை. அன்றன்று தட்டில் விழுந்ததையே உண்கிறது.

2024 நவம்பரில் கம்பெனியார் பள்ளித் திட்டத்திலிருந்து விலகிக்கொண்டனர். சர்க்கார் தடுத்ததனாலன்று, போதிய கிராக்கி இல்லை என்பதே அவர்கள் கூறிய காரணம். இதில் மகிழ்ச்சியடைய ஒன்றுமில்லை. லாபமில்லை என்று ஒருவர் வெளியேறிய கதவு, லாபம் காணும் மற்றொருவருக்குத் திறந்தே கிடக்கும். சட்டத்தின் எழுத்துக்கு இணங்கி அதன் நோக்கத்தைத் தோற்கடிக்க இயலுமாயின், திருத்த வேண்டியது பெட்டியை மட்டுமன்று, விதியையும்தான்.