நேயர் விருப்பம் என்னும் சாக்கு

அமெரிக்காவில் டாப் 40 வானொலி என்றால், அந்த வாரம் நாட்டில் எந்தப் பாட்டு ஓடுகிறதோ அதைப் போடும் நிலையம். ராக்கா, ராப்பா, நடனப் பாட்டா என்று பேதம் பார்ப்பதில்லை என்பதுதான் அது சொல்லிக்கொள்ளும் பெருமை. ஆனால் எழுபதுகளின் இறுதியில் அங்கே வரிசையாக ஒலித்த கறுப்பின இசை, எண்பதுகள் பிறந்ததும் மளமளவென்று குறைந்தது. 2003, 2004இல் ஹிப் ஹாப்பும் ஆர் அண்ட் பியும் பொங்கி வழிந்தன. பத்தே ஆண்டில் மறுபடியும் வற்றின. ஏன் என்று கேட்டால் வானொலிக்காரர்களிடம் ஒரே பதில்தான்: "ஜனங்கள் கேட்பதைப் போடுகிறோம். அவர்கள் ரசனை மாறுகிறது, எங்கள் பட்டியலும் மாறுகிறது." நம்மூர் எஃப்எம்மில் சினிமாப் பாட்டை விட்டால் ஏன் வேறு எதுவும் இல்லை என்று கேட்டாலும் ஏறக்குறைய இதே பதில் வரும் என்பதால் நமக்கும் இது காதுக்குப் பழகிய வாதம்.

இந்த வாதத்துக்குத் துணையாக ஐந்தாறு உப வாதங்கள் உண்டு. தனித்தனியாகக் கேட்டால் எல்லாமே நியாயமாகத்தான் படும்.

முதலாவது, ரசனை மாறியது என்பது. 1978இல் நியூயார்க்கின் டபிள்யூகேடியூ, மெல்லிய ராக் போட்டுக்கொண்டிருந்த நிலையம், திடீரென்று டிஸ்கோவுக்கு மாறியது. சில மாதங்களில் நகரத்திலேயே முதலிடம். அடுத்த ஆண்டு ஜூலை 12 அன்று சிகாகோவின் கொமிஸ்கி பார்க் பேஸ்பால் மைதானத்தில், ஸ்டீவ் டால் என்ற ராக் வானொலி அறிவிப்பாளர் டிஸ்கோ இசைத்தட்டுகளைக் குவித்து வெடிவைத்தார். கூட்டம் மைதானத்துக்குள் பாய்ந்தது, அன்றைய இரண்டாவது ஆட்டம் நடக்கவில்லை. மக்கள் டிஸ்கோவை வெறுத்துவிட்டார்கள் என்று வானொலி உலகம் முடிவுக்கு வந்தது. அந்த வெறுப்பு டிஸ்கோவோடு நின்றிருந்தால் பேச ஒன்றுமில்லை. டிஸ்கோ அல்லாத ஃபங்க் பாடல்களுக்கும் சேர்த்துக் கதவு சாத்தப்பட்டது. ஜார்ஜ் கிளின்டனின் 'அடாமிக் டாக்' 1983இல் கறுப்பின இசைப் பட்டியலில் நான்கு வாரம் முதலிடத்தில் இருந்தது. அது இறக்கிவிட்டது மைக்கேல் ஜாக்சனின் 'பில்லி ஜீன்' பாட்டை. அப்படிப்பட்ட பாட்டு, பொதுப் பட்டியலான ஹாட் 100இன் நூறு இடங்களில் ஒன்றைக்கூடப் பிடிக்கவில்லை, 101இலேயே நின்றுவிட்டது. வெள்ளையின நேயர்கள் கேட்டுவிட்டு ஒதுக்கினார்கள் என்று சொல்ல, முதலில் யாராவது அவர்களுக்கு அதைப் போட்டிருக்க வேண்டும். அதே ஆண்டில் பில்லி ஜீனை அவர்கள் கொண்டாடிய விதத்தைப் பார்த்தால், காதில் கோளாறு இருந்ததாகத் தெரியவில்லை.

அடுத்தது, பட்டியல் பொய் சொல்லாது என்பது. என்னைக் கேட்டால் இந்த விவகாரத்தின் மையமே இதுதான். 1991 வரை பில்போர்டு இசை இதழின் ஆல்பம் பட்டியல் எப்படித் தயாரானது என்றால், எது நன்றாக விற்கிறது என்று கடைக்காரர்களைக் கேட்பார்கள், அவர்கள் சொல்வார்கள். கடைக்காரர் தனக்குப் பிடித்ததைச் சொன்னாரா, நிறுவனம் தள்ளச் சொன்னதைச் சொன்னாரா என்று யாருக்கும் தெரியாது. அந்த ஆண்டு மே மாதம் சவுண்ட்ஸ்கேன் வந்தது; கல்லாவில் பட்டைக்கோடு ஸ்கேன் ஆனால்தான் கணக்கு. ஜூனிலேயே, வானொலி தொட அஞ்சிய என்.டபிள்யூ.ஏ என்ற ராப் குழுவின் ஆல்பம் இரண்டாம் இடத்தில் நுழைந்து அடுத்த வாரம் முதலிடத்துக்குப் போனது. ஒரே மாதத்தில் அமெரிக்கா ராப்புக்கு மாறிவிடவில்லை. அதுவரை எண்ணப்படாதவர்கள் அப்போதுதான் எண்ணப்பட்டார்கள்.

எண்ணும் முறை மாறினால் எதிர்த்திசையிலும் போகலாம் என்பதற்கு 2012 சாட்சி. அதுவரை பில்போர்டின் ஆர் அண்ட் பி - ஹிப் ஹாப் பட்டியலில் அந்த இசைக்கான நிலையங்களின் ஒலிபரப்பே முக்கியக் கணக்கு. அக்டோபரில் விதியை மாற்றினார்கள்: எல்லா வகை நிலையங்களும், இணைய விற்பனையும், ஸ்ட்ரீமிங்கும் சேரும். ரிஹானாவின் 'டைமண்ட்ஸ்' ஒரே வாரத்தில் 66ஆம் இடத்திலிருந்து முதலிடத்துக்குத் தாவியது. கொரியாவின் 'கங்னம் ஸ்டைல்' ராப் பட்டியலின் உச்சியில் உட்கார்ந்தது. பாப் நிலையங்கள் எதை ராப் என்று ஏற்றுக்கொள்கின்றனவோ அதுவே ராப் பட்டியலையும் ஆளும் நிலை. 2013 முழுக்க ஹாட் 100இல் முதன்மைக் கலைஞராக ஒரு கறுப்பினத்தவர்கூட முதலிடம் பிடிக்கவில்லை. அந்தப் பட்டியல் தொடங்கிய 1958 முதல் அப்படி ஓர் ஆண்டு இருந்ததே இல்லை. 2003 அக்டோபரில் ஒரு வாரம் முதல் பத்து இடங்களும் கறுப்பினக் கலைஞர்களுடையவை என்பதை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 2017இல் நீல்சன் நிறுவனம் ஸ்ட்ரீமிங்கையும் சேர்த்துக் கணக்கிட்டபோது, ஆர் அண்ட் பி - ஹிப் ஹாப் முதன்முறையாக ராக்கைத் தாண்டி அமெரிக்காவில் அதிகம் நுகரப்படும் இசைவகையானது. நான்கே ஆண்டில் ஒரு தேசத்தின் காது இப்படித் தலைகீழாகுமா?

மூன்றாவதாக ஆய்வைக் காட்டுவார்கள். ஒவ்வொரு பாட்டின் பல்லவியிலிருந்தும் பத்து விநாடிக்குள் ஒரு துண்டை எடுத்து, தொலைபேசியில் நேயர்களுக்குப் போட்டுக்காட்டி மதிப்பெண் வாங்குவது பல நிலையங்களில் நெடுநாள் வழக்கம். உண்மையான ஆய்வுதான், ஏமாற்று இல்லை. ஆனால் யாரைக் கூப்பிடுகிறார்கள்? பெரும்பாலும் அந்த நிலையத்தை ஏற்கெனவே கேட்டுக்கொண்டிருப்பவர்களை. சைவ மெஸ்ஸில் சாப்பிட்டுக்கொண்டிருப்பவர்களிடம் பிரியாணி வேண்டுமா என்று கருத்துக்கணிப்பு நடத்துவது போல. அதோடு, நூறு தடவை கேட்ட பாட்டுக்குத்தான் இந்த முறையில் நல்ல மதிப்பெண் விழும். போடாத பாட்டு தேறாது. தேறாத பாட்டைப் போட மாட்டார்கள். எண்பதுகளின் இறுதியிலும் தொண்ணூறுகளிலும் பல நிலையங்கள் ராப்பை இரவுக்கு ஒதுக்கின, அலுவலக நேரத்தில் அறவே தவிர்த்தன. ராப் பகுதியை வெட்டியெடுத்த பிரதிகளை இசை நிறுவனங்களே தனியாகத் தயாரித்து அனுப்பின. பகலில் ஒளித்துவைத்துவிட்டு, பகல் நேயர்களுக்குப் பிடிக்கவில்லை என்று சொல்வதை ஆய்வு முடிவு என்று எப்படி ஏற்பது?

பாப் கேட்பவர் வேறு, ராப் கேட்பவர் வேறு, கலந்தால் இருவரும் ஓடிவிடுவார்கள் என்பது இன்னொன்று. இதற்கு நீண்ட பதில் தேவையில்லை. எழுபதுகளில் நியூயார்க்கின் டபிள்யூபிஎல்எஸ்ஸில் ஃப்ராங்கி குரோக்கர் எல்லாவற்றையும் கலந்து போட்டே நகரத்தைக் கட்டிப்போட்டார். 1986இல் லாஸ் ஏஞ்சல்ஸில் தொடங்கிய பவர் 106, நடனப் பாட்டையும் ஆர் அண்ட் பியையும் கலந்து லத்தீனோ, கறுப்பின, வெள்ளையின இளைஞர்களை ஒரே அலைவரிசையில் சேர்த்து, விரைவிலேயே நகரின் முன்னணி நிலையங்களில் ஒன்றானது. இப்படிப்பட்ட நிலையங்களை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று புரியாமல் பில்போர்டு 1987இல் தனிப் பட்டியலே போட வேண்டியதாயிற்று. மாறாக, நியூயார்க்கின் இஸட் 100 தொண்ணூறுகளின் நடுவில் ஆல்டர்நேட்டிவ் ராக் பக்கம் சாய்ந்து நேயர்களை இழந்தது. பிறகு பாப்புக்கே திரும்ப வேண்டியிருந்தது.

கலக்கத் தயங்குவதற்கு நேயருக்குச் சம்பந்தமில்லாத காரணமும் உண்டு. 1996ஆம் ஆண்டுத் தொலைத்தொடர்புச் சட்டத்துக்குப் பிறகு பெரிய நகரம் ஒன்றில் ஒரே நிறுவனம் எட்டு நிலையங்கள் வரை வைத்திருக்கலாம். ஒரே கட்டடத்தில் பாப்புக்கு ஒன்று, ராப்புக்கு ஒன்று. பாப் நிலையம் ராப்பைக் கூட்டினால் அடுத்த அறையில் இருக்கும் சொந்த நிலையத்தின் நேயர்களைத்தான் தின்னும். எந்த முதலாளி சம்மதிப்பார்?

எந்த நிலையத்தை எத்தனை பேர் கேட்கிறார்கள் என்பதை மீட்டரே துல்லியமாகச் சொல்லிவிடுகிறது என்ற வாதத்தில் பாதி உண்மை இருக்கிறது, ஒத்துக்கொள்ள வேண்டும். முன்பு நேயர்கள் ஒரு வாரம் என்னென்ன கேட்டார்கள் என்று காகிதக் குறிப்பேட்டில் எழுதித் தந்தார்கள். பிரியமான நிலையத்தைக் கொஞ்சம் தாராளமாகவே எழுதியிருப்பார்கள். 2007 முதல் ஆர்பிட்ரான் நிறுவனம் இடுப்பில் செருகிக்கொள்ளும் மீட்டரைக் கொண்டுவந்தது. அது காதில் விழும் எதையும் பதியும்: கடையில், அலுவலகத்தில், முடிதிருத்தகத்தில் ஓடுவதையும். ஆசையாய்க் கேட்பதற்கும் தற்செயலாய்க் காதில் விழுவதற்கும் அதற்கு வித்தியாசம் தெரியாது. அலுவலகங்களில் ஓடும் பாப் நிலையங்கள் ஏறின, கறுப்பின இசை போடும் 'அர்பன்' நிலையங்களும் ஸ்பானிய நிலையங்களும் இறங்கின. மீட்டர் தாங்குவோரில் சிறுபான்மையினர் போதிய அளவில் இல்லை என்று நியூயார்க் மாநிலத் தலைமை வழக்கறிஞர் ஆண்ட்ரூ குவோமோ 2008இல் வழக்கே போட்டார். மாதிரியைத் திருத்துவதாக ஒப்புக்கொண்டு நிறுவனம் அடுத்த ஜனவரியில் சமரசம் செய்தது. ஆகவே குறிப்பேடு மிகைப்படுத்தியது நிஜம். மீட்டர் அதைத் துல்லியமாகச் சரிசெய்தது என்பதுதான் நிஜமில்லை.

கடைசியாக, பணத்துக்கு நிறமில்லை, நேயர் எண்ணிக்கை இருந்தால் விளம்பரம் தானாக வரும் என்பார்கள். 1998இல் பெரிய வானொலி விளம்பர விற்பனை நிறுவனம் ஒன்றின் உள்குறிப்பு வெளியே கசிந்தது. விளம்பரதாரருக்கு வேண்டியது வாங்கக்கூடியவர்கள், சந்தேகத்துக்குரியவர்கள் அல்ல என்ற ரீதியில் அதில் எழுதியிருந்தது. இரண்டாவது சொல் அர்பன் நேயர்களைக் குறித்தது. அடுத்த ஆண்டு மத்தியத் தொடர்பு ஆணையத்துக்காகச் செய்யப்பட்ட ஆய்வு, நகரத்திலேயே முதலிடத்தில் இருந்தாலும் சிறுபான்மையினருக்கான நிலையங்களுக்கு அதற்கேற்ற வருமானம் வருவதில்லை என்று காட்டியது. 'அர்பன் நிலையங்கள் வேண்டாம்' என்று விளம்பர நிறுவனங்கள் எழுத்திலும் வாய்மொழியிலும் கட்டளையிட்டு வந்தன. இதை அறிந்த நிகழ்ச்சி இயக்குநர் பாப் நிலையத்தில் ராப்பை அளந்து போட்டால், அவர் இனவெறியர் என்று நான் சொல்ல மாட்டேன், வேலையைக் காப்பாற்றிக்கொள்கிறார். ஆனால் அந்த அளவை நேயர் தலையில் கட்டக்கூடாது.

2007 டிசம்பரில் ஆணையம் இத்தகைய கட்டளைகளுக்குத் தடை போட்டது. தங்கள் விளம்பர ஒப்பந்தங்களில் இனப் பாகுபாடு இல்லை என்று நிலையங்கள் உரிமத்தைப் புதுப்பிக்கும்போது உறுதியளிக்க வேண்டும். ஆணையத்தின் அதிகாரம் வானொலி நிலையத்தோடு சரி. கட்டளை போடும் விளம்பர நிறுவனம் அந்தப் படிவத்தில் எங்கும் கையெழுத்துப் போட வேண்டியதில்லை.