அரங்கினுள் அக்கினி

மேடையிலே தீ தோன்றினால் சபை நிமிர்ந்து உட்காரும். நாடகம் போட்டவர் எவரும் இதனை அறிவர். அரைமணி நேர வசனம் செய்யாத வேலையை ஒரு கணத்துப் பொறி செய்துவிடும். அதனாலேதான் கண்ணகி மதுரையை எரிக்கும் கட்டத்திலும், சீதை தீக்குளிக்கும் கட்டத்திலும், அனுமன் இலங்கைக்குத் தீ மூட்டும் கட்டத்திலும் மெய்யான நெருப்பையே கொண்டுவந்துவிட வேண்டுமென்ற ஆசை நம் நெறியாளர்களை விட்டபாடில்லை. அவ்வாசையைக் குறித்தே இங்கு சில வார்த்தை சொல்ல விரும்புகின்றேன்.

சில வருடங்களுக்கு முன் பாடசாலை மண்டபமொன்றில் மாணவர் நாடகம் பார்க்கச் சென்றிருந்தேன். இருள் வேண்டுமென்று யன்னல்களுக்குக் கறுப்புத் துணி கட்டியிருந்தார்கள். ரிக்கற் இல்லாதார் நுழையாதிருக்கப் பின்கதவைப் பூட்டியிருந்தார்கள். மதுரை எரியும் கட்டம் வந்தது. பக்கத்திரையின் மறைவில் நின்ற மாணவன் ஒருவன் பூவாணத்தைக் கொளுத்தினான். பொறி சீறி எழுந்தது. திரையின் ஓரம் பற்றிக்கொண்டது. ஆசிரியர் ஒருவர் ஓடிவந்து நனைந்த சாக்கினால் அடித்து அணைத்தார். இவ்வளவும் நடந்து முடியும்வரை சபையோர் செய்தது யாது? கைதட்டினார்கள். நானும் தட்டினேன். திரை எரிந்ததும் காட்சியின் ஒரு கூறே என்று எண்ணினோம்.

அந்தக் கைதட்டல் இன்றும் என் காதில் ஒலிக்கின்றது. ஏனெனில், 2003ஆம் ஆண்டு பெப்ரவரி 20ஆம் திகதி இரவு, அமெரிக்காவின் றோட் ஐலன்ட் மாநிலத்து வெஸ்ற் வோர்விக் நகரிலுள்ள ஓர் இசை விடுதியில் நிகழ்ந்த அனர்த்தமும் இவ்வாறே ஆரம்பமாயிற்று. இசைக்குழு பாடத் தொடங்கியதும் பின்னால் வாணங்கள் பொறி கக்கின. ஒலி வெளியே செல்லாதிருக்கச் சுவரில் ஒட்டப்பட்டிருந்த பொலியூறித்தேன் நுரைப்பஞ்சில் அப்பொறிகள் பட்டன. தீ சுவரிலே ஏறியபோது, அதுவும் வேடிக்கையின் பகுதியே என்று கூட்டத்திற் பலர் கருதி நின்றனர். உண்மை புலப்பட்டபோது, தாம் வந்த முன்வாயிலையே நோக்கிப் பெரும்பாலோர் ஓடி அங்கே நெருங்குண்டனர். சில நிமிடங்களுள் கட்டடம் முழுவதும் தீயின் வாய்ப்பட்டது. இறந்தோர் 100 பேர். வாணம் விடுவதற்கு எவரும் அனுமதி பெற்றிருக்கவில்லை.

மேடைத் தீ தன்னை வேடிக்கையென்று காட்டிக்கொள்வது. ஆகையால் அது ஆபத்தாக மாறும் கணத்தைச் சபையோர் அறிந்துகொள்ள மாட்டார். வீட்டிலே திரை எரிந்தால் ஓடுகின்றவன் அரங்கிலே திரை எரிந்தால் இரசிக்கின்றான். நம்பி வந்து இருளில் அமர்ந்திருக்கும் அம்மனிதனுக்காக வேறொருவர் விழித்திருக்க வேண்டும்.

“நம் கூத்திலே பந்தம் இருக்கவில்லையா? முன்னோர் நெருப்போடு ஆடவில்லையா?” என்று சிலர் கேட்பர். ஆடினார்கள், எங்கே ஆடினார்கள் என்பதே வினா. மட்டக்களப்பின் வட்டக்களரிக்கு மேலே வானம் இருந்தது. நாற்புறமும் வெளி இருந்தது. சிங்கள மக்களின் தொவிற் சடங்கிலே பந்தத்தில் குங்கிலியப்பொடி எறிய எழும் சுவாலையும் திறந்த முற்றத்திலேயே எழுகின்றது. புகைக்குப் போக வழியுண்டு, மனிதருக்கும் வழியுண்டு. 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் கூத்தினைப் படச்சட்ட மேடைக்குக் கொண்டுவந்தபோது ஆட்டமும் பாட்டும் அம்மேடைக்கேற்பச் செப்பனிடப்பட்டன. ஆட்டத்திற்குரிய அந்த விதி நெருப்பிற்கு மட்டும் இல்லையா? களரியில் அணியாயிருந்த பந்தம் கூரையின் கீழ் வந்தவுடன் வேறொரு பொருளாகிவிடுகின்றது.

ஷேக்ஸ்பியரின் குழுவினரே இதற்குச் சாட்சி. 1613ஆம் ஆண்டு ஜூன் 29ஆம் திகதி, இலண்டன் குளோப் அரங்கில் எட்டாம் ஹென்றி நாடகம் நடந்தபோது, அரசன் வரவுக்கு முழக்கப்பட்ட பீரங்கியின் பொறி கூரை வைக்கோலிற் பற்றியது. ஏறத்தாழ ஒரு மணி நேரத்துள் அரங்கு சாம்பலாயிற்று. அதிட்டவசமாக எவரும் இறக்கவில்லை. காற்சட்டையில் தீப்பற்றிய ஒருவர் மதுவை ஊற்றி அணைத்துக்கொண்டாராம். மறுவருடம் அரங்கைக் கட்டியவர்கள் கூரைக்கு ஓடு வேய்ந்தார்கள்.

நாம் அவ்வாறு கற்றுக்கொண்டோமா? 2013ஆம் ஆண்டு ஜனவரி 27ஆம் திகதி பிறேசிலின் சாந்தா மரியா நகரத்து நடன விடுதியொன்றில், வெளியிடத்திற்கென்றே செய்யப்பட்ட வாணத்தை உள்ளே கொளுத்தினார்கள். கூரையின் நுரைப்பஞ்சு எரிந்து நச்சுப்புகை பரவிற்று. வாசல் ஒன்றே, பணம் செலுத்தாமற் போகின்றனரென எண்ணிக் காவலர் அதனையும் முதலில் மறித்தனர். 242 பேர் மாண்டனர். ரிக்கற்றுக்காகப் பூட்டிய நமது பின்கதவை அன்பர்கள் இங்கே நினைத்துக்கொள்வார்களாக.

“அச்சத்தினால் கலையை முடக்குவதா?” எனக் கேட்பது நியாயமே. முடக்க வேண்டியதில்லை. தொழில்முறை அரங்குகள் மண்டபத்தினுள்ளும் வாணம் விடுகின்றன. ஆனால் எவ்வாறு? கையாற் கலந்த மருந்து அங்கே மேடையேறாது. உள்ளரங்கிற்கென ஆலையிற் செய்து அடைத்த குப்பிகளே பயன்படும். அவற்றை மின்கம்பி வழியே தூரநின்று வெடிக்கச் செய்வர். இயக்குபவர் அவ்விடத்தைத் தம் கண்ணாற் காண வேண்டும். நடிகர் குறித்த இடத்தில் இல்லையெனில் அன்று வாணம் இல்லை. அமெரிக்கத் தீத்தடுப்பு விதிகளின்படி வாணத்திற்கும் சபைக்கும் இடையே குறைந்தது 15 அடி, அல்லது பொறி விழும் தூரத்தின் இரு மடங்கு, எது அதிகமோ அது இருத்தல் வேண்டும். திரைகளுக்குத் தீத்தடுப்பு மருந்து ஊட்டுவர். துவைத்தால் அது நீங்கிவிடக்கூடும் என்பதால் மீண்டும் சோதிப்பர். அணைகருவியுடன் ஒருவர், வேறு வேலை எதுவுமின்றி நிற்பார்.

இவையனைத்திற்கும் மேலானது ஒன்றுண்டு. தீக்குப் பொறுப்பானவர் “இன்று வேண்டாம்” என்றால் அதுவே முடிவு. நெறியாளரோ, அதிபரோ, முன்வரிசைப் பிரமுகரோ அதனை மாற்றலாகாது. காட்சியைக் காதலிப்பவன் அதன் ஆபத்தை அளக்க மாட்டான். ஆதலால் அளவுகோல் வேறொருவர் கையில் இருத்தல் வேண்டும்.

இத்தகைய பயிற்சியும் கருவியும் அதிகாரமும் நமது பாடசாலை மண்டபங்களில் இல்லை. எனவே என் அபிப்பிராயத்தை ஒளிக்காது கூறுகின்றேன்: மாணவர் நாடகத்தில் மெய்யான நெருப்பு அறவே வேண்டாம். மத்தாப்பும் வேண்டாம், பூவாணமும் வேண்டாம். திருமண மண்டபங்களிற் காணும் ‘குளிர்ப்பொறி’ இயந்திரமும் வேண்டாம். பெயரிலே குளிர் இருப்பினும் அது கக்குவது எரியும் உலோகத் துகளே.

அவ்வாறாயின் மதுரை எரிவது எங்ஙனம்? மெல்லிய பட்டுத்துணியைக் கீழிருந்து மின்விசிறியால் அசைத்துச் செம்மஞ்சள் ஒளி பாய்ச்சினால் கண்ணுக்குச் சுவாலை கிடைக்கும். உடுக்கும் மத்தளமும் ஒலித்தால் காதுக்கும் கிடைக்கும். எஞ்சியது கண்ணகியாக நிற்கும் பிள்ளையின் குரலிலே பிறக்க வேண்டியது. அக்குரலில் அனல் இல்லையேல் ஆயிரம் வாணம் விட்டும் பயனில்லை. இருக்குமாயின் வாணம் எதற்கு?

அடுத்த தமிழ்த் தினப் போட்டிக்கு மாணவரைப் பழக்கும் ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். ஒத்திகைக்குச் செல்லும் முதல்நாளிலேயே மண்டபத்தின் கதவுகளை எண்ணுங்கள், பூட்டியிருப்பவற்றைத் திறப்பியுங்கள். அதன் பின்னர் நாடகத்தைத் தொடங்குங்கள்.