நத்தைக்கு மாலை, லிட்டிக்கு ஏளனமா?

தோழர்களே! நத்தை தின்பவன் என்று நகைத்த நாவுகள் எங்கே போயின? 2025 ஜூன் திங்களில், அமெரிக்க நாட்டின் ஜேம்ஸ் பியர்ட் விருதினை, வேட்டி கட்டிய தமிழர் ஒருவர் மேடையேறிப் பெற்றார். விஜய்குமார் அவர் பெயர். நத்தம் பக்கத்துச் சிற்றூர்ப் பிள்ளை. வயல்வெளியில் நத்தை பொறுக்கிய கை. நியூயார்க்கில் அவர் ஆளும் அடுப்படி, 'செம்ம' எனும் உணவகம். 2022-லேயே மிச்செலின் விண்மீன் பெற்றது அது.

பள்ளித் தோழரிடம் சொல்லவும் கூசிய அதே நத்தைதான் இன்று அங்கே தட்டேறுகிறது! அந்தக் கூச்சத்தைப் பிஞ்சு உள்ளத்திலே ஊட்டியவர் யார்? ஏழை உண்பது இழிவென்று தீர்ப்பெழுதிய மேட்டுக்குடியினர் அன்றோ! இன்று அவர்களே மாலை தூக்கி ஓடி வருகின்றனர். வரட்டும்.

நாம் மட்டும் என்ன செய்கிறோம்? பேரிகைப் பக்கம் வாருங்கள். கேழ்வரகுக் களியால் உரம்பெற்ற மண். ஓசூர் ஆலைகளுக்கு உழைக்க வந்த பீகார்த் தொழிலாளி, சாலையோரம் ஒற்றை அடுப்பு மூட்டி லிட்டி சுட்டால், 'வடக்கன் கடை' என முகஞ்சுளிப்போர் நம்மிலும் உண்டு! (கைதட்டும் இடமல்ல இது, தோழர்களே.) இந்தியைத் திணிப்போன் டெல்லியிலே கொலுவிருக்கிறான், இங்கே மாவு பிசைபவன் அல்லன் அவன். நியூயார்க்கில் நம்மவரும் பிழைக்கப் போனவர்தாமே!

வரும் ஞாயிறன்று பேரிகைத் தோழர்கள் அத்தகைய கடையொன்றில் அமர்ந்து உண்ணட்டும். காசு கொடுத்து உண்ணட்டும்!